தீபாவளிக்கு 20 நாள் முன்னால் உடைந்த கை

என் வலது கையை மூடிப் பிடித்தால் மூன்று முட்டிகள்தான் எழும்பி நிற்கும். சுண்டுவிரலுக்குரிய நான்காவது முட்டி உள்ளே அமுங்கிப் போய்விட்டது.

தஞ்சாவூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2014 தீபாவளிக்கு இன்னும் 20 நாள் இருந்தது. இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டும்போது, குடித்திருந்த ஒருவன் என் சட்டைப் பையில் கையை விட்டான். அன்றைய வசூல் முழுவதும் அதில்தான். மூன்று வருடம் கராத்தே படித்தவன் அல்லவா நான்? மூக்கைக் குறிபார்த்து ஒரு குத்து விட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குத்து நெற்றியில் விழுந்தது. "என்னண்ணே?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்கு நடந்து போய்விட்டான். கடைப்படியில் உட்கார்ந்தவன் நான்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இதற்குப் பெயரே 'குத்துச்சண்டைக்காரர் முறிவு' என்றார். "பயிற்சி உள்ளவர்களுக்கு இது அதிகம் வராது" என்றும் சேர்த்துக்கொண்டார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஐந்து வாரம் மாவுக்கட்டு. கத்திரிக்கோல் பிடிக்க முடியவில்லை. சோற்றைப் பிசையவும் முடியவில்லை. துணியையெல்லாம் மைத்துனர்தான் வெட்டிக் கொடுத்தார். அந்த வருடத்துக் காலர்களைப் பற்றி இரண்டு குடும்பங்கள் இன்றும் பேசுகின்றன.

கையில் மொத்தம் 27 எலும்புகள். முட்டிக்குப் பின்னால் இருப்பவை பென்சில் கனம்தான். நெற்றியோ மண்டையோட்டிலேயே கெட்டியான இடங்களில் ஒன்று. குத்துச்சண்டைக்காரர்கள் நாலரை மீட்டர் துணியைக் கையில் சுற்றி, அதற்குமேல் கையுறை மாட்டுகிறார்கள். அது எதிராளியின் மேல் உள்ள இரக்கத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலகச் சாம்பியனாக இருந்தபோதே மைக் டைசன் 1988 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் மிட்ச் கிரீன் என்ற இன்னொரு குத்துச்சண்டை வீரரை வெறுங்கையால் குத்தி வலது கை எலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கே அந்தக் கதி என்றால் என் கை எம்மாத்திரம்?

தலையில் வெறுங்கையால் குத்தினால் கைதான் உடையும் என்பதை என் கராத்தே மாஸ்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் குத்தியிருக்க வேண்டும். தப்பு உன்மேல்" என்பார். சரிதான். ஆனால் இருட்டில், ஆடுகிற தலைக்கு எதிரே, எந்த முட்டி என்று யார் பார்த்துக் குத்துவது?

இப்போது பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு, தற்காப்புக்கு எப்படி அடிப்பது என்று சொல்லித் தருகிறேன். கடையில் மிஞ்சும் வெட்டுத் துணியைச் சாக்கில் அடைத்து மாடியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் அவள் அறைந்தாள். சத்தம் பெரிதாக வந்தது, சாக்கு அசையவில்லை. மழைக்காலத்தில் ஊதிப்போய் இறுகிய கதவை எப்படித் திறப்பாய் என்று கேட்டேன். யோசிக்காமல் விரல்களை மடக்கி, மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டால் ஓங்கித் தள்ளிக் காட்டினாள். அதேதான். தாடைக்குக் கீழிருந்து மேலாக, இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். விரல்களை நீட்டி வைத்தால் எதிலாவது மாட்டி அவையும் உடையும்.

குத்தை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. வயிறு, விலா என்றால் குத்துதான். ஓங்கிய கைகளுக்கு நடுவே மூடிய கை நுழைகிற இடத்தில் விரித்த கை நுழையாது. எட்டவும் கொஞ்சம் கூடுதலாக எட்டும். முகம், தலை என்றால் மட்டும் உள்ளங்கை. "செவிட்டில் அறைவேன்" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, குழித்த கை காதில் விழுந்தால் செவிப்பறை உண்மையாகவே கிழியலாம். அதைத் தம்பியிடம் விளையாட்டுக்கும் செய்யக்கூடாது என்று தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு: இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் காட்டி "வேண்டாம், தள்ளிப் போங்கள்" என்று சொன்னபடியே அங்கிருந்து அடிக்கலாம். முஷ்டியை உயர்த்தினால் பார்க்கிறவர்கள் நாம்தான் வம்புக்கு வந்தோம் என்பார்கள்.

போன வாரம் சாக்கின் ஓரத் தையல் பிரிந்து துணியெல்லாம் மாடியில் கொட்டியது. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை கல்யாணப் பட்டுத் துணியின் வெட்டுத் துண்டுகளும் உள்ளே போயிருக்கின்றன, வழுக்குகிறது என்கிறாள்.