லான்சியா டி50 மாதிரி: பக்கத் தொட்டிகளை அறுத்தெடுத்த மாதம்

பால்சா மரத்தில், இத்தாலிய நிறுவனமான லான்சியாவின் டி50 பந்தயக் காரின் மாதிரியைச் செய்யத் தொடங்கி இது மூன்றாவது மாதம். இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு என்பதால், அசல் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான 2280 மில்லிமீட்டர் என் மேசையில் 95 மில்லிமீட்டராகிறது. சென்ற மாதமே உடலைச் செதுக்கி, புட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். இந்த மாதம் அதன் இரு பக்கங்களையும் சிறு ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டேன்.

நான் பார்த்துச் செய்த படம் 1956ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அந்தக் கார் ஃபெராரி அணியின் கையில் இருந்தது. அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பகுதி உடலோடு ஒட்டிப் புடைத்திருக்கிறது. லான்சியா செய்த காரிலோ, கழுதையின் முதுகில் இருபுறமும் பொதி தொங்குவதைப்போல, இரண்டு எரிபொருள் தொட்டிகள் உடலை விட்டு விலகித் தாங்குகம்பிகளில் நிற்கும். நடுவில் காற்று போகும். அன்றைய மற்ற கார்களில் எரிபொருள் வாலில் இருந்ததால், அது தீரத் தீரப் பின்பாரம் குறைந்து, வளைவுகளில் வண்டியின் போக்கே மாறிவிடும். வடிவமைப்பாளர் விட்டோரியோ யானோ அந்தப் பாரத்தைச் சக்கரங்களுக்கு நடுவே கொண்டுவந்தார். பின்னர் ஃபெராரி எரிபொருளை மீண்டும் வாலுக்கு மாற்றியபோது, தொட்டிக்கும் உடலுக்கும் இடையிலிருந்த வெளி மூடப்பட்டது. லான்சியா அணியின் வீழ்ச்சிக்குப் பிந்திய உருவத்தைத்தான் நான் இரண்டு மாதம் செதுக்கியிருக்கிறேன் என்பது இந்த மாதம்தான் புரிந்தது.

தொட்டிகளைத் தனித்தனிக் கட்டைகளில் புதிதாகச் செதுக்கினேன். முதல் முறை பித்தளைக் கம்பியை உடலின் மேற்பரப்பில் சூப்பர் குளூவால் ஒட்டியதில், மறுநாள் காலையில் இடப்பக்கத் தொட்டி தலை சாய்ந்து கிடந்தது. பிறகு உடலில் துளையிட்டு, கம்பியை உள்ளே ஆழமாகச் செருகி ஒட்டினேன், இப்போது அசையவில்லை. நடுவில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழைகிறது. இருக்கையையும் இன்னும் தாழ்த்த வேண்டியிருந்தது. வி8 எஞ்சினைச் சற்றுக் கோணலாக வைத்து, எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டை ஓட்டுநருக்கு அடியில் விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோனதால்தான் அசல் காரில் அவர் அவ்வளவு தாழ உட்கார முடிந்தது. எஞ்சினே சட்டகத்தின் ஒரு பகுதியாகச் சுமை தாங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1954இல் இப்படி ஒரு வண்டியை எண்ணிப் பார்த்தவரின் துணிவு என்னை மலைக்கவைக்கிறது.

அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்தவர், நிறுவனரின் மகன் ஜியானி லான்சியா. ஆரீலியா என்ற சாலைக் காரில் தொடங்கிய வெற்றிகள் சில ஆண்டுகளிலேயே உச்சத்தைத் தொட்டன. 1953இல் மெக்சிகோவின் காரெரா பனமெரிக்கானா பந்தயத்தில் ஓட்டுநர்கள் ஃபாஞ்சியோ, தரூஃபி, காஸ்டெல்லோட்டி மூவரும் லான்சியா கார்களில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தனர். ஆனால் அதே பந்தயத்தில் அணியின் ஃபெலிச்சே பொனெட்டோ விபத்தில் இறந்தார். மறு ஆண்டு இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தை அணியின் இன்னொரு ஓட்டுநர் ஆல்பர்ட்டோ அஸ்காரியும், தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தைத் தரூஃபியும் வென்றனர். அக்டோபரில் பார்சலோனாவில் டி50 முதன்முறை களமிறங்கியபோது, அஸ்காரி முதலிடத்திலிருந்து புறப்பட்டு, அதிவேகச் சுற்றையும் ஓட்டிவிட்டு, கிளட்ச் பழுதால் பாதியில் நின்றார்.

வீழ்ச்சி அதைவிட விரைவாக வந்தது. 1955 மே 22 அன்று மொனாக்கோவில், முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் மாஸின் வண்டி பழுதாகி முதலிடம் கைக்கு வரவிருந்த நேரத்தில், அஸ்காரி காரோடு துறைமுகக் கடலுக்குள் விழுந்தார். நீந்தி உயிர் தப்பினார். நான்கு நாள் கழித்து மோன்சாவில் ஒரு ஃபெராரி காரை ஓட்டிப் பார்க்கப் போனவர், காஸ்டெல்லோட்டியின் தலைக்கவசத்தை இரவல் வாங்கி அணிந்திருந்த நிலையில், விபத்தில் இறந்தார். ஏற்கெனவே பந்தயச் செலவின் பாரத்தில் திணறிக்கொண்டிருந்த குடும்ப நிறுவனத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜூலை மாதத்தில் கார்கள், உதிரிபாகங்கள், வரைபடங்கள் அனைத்தும் ஃபெராரியிடம் ஒப்படைக்கப்பட்டன. நிறுவனமே சிமெண்ட் தொழிலதிபர் கார்லோ பெசெந்தியின் கைக்குப் போனது. 1956இல் ஃபாஞ்சியோ உலகப் பட்டம் வென்றது இந்த டி50இன் வழிவந்த காரில்தான். ஆனால் கோப்பை போய்ச் சேர்ந்த இடம் வேறு. யானோவின் வேலைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெருமை பாதியிலேயே பறிபோனதாகத்தான் நான் நினைக்கிறேன்.

ஆரச் சக்கரங்கள் இரண்டு முடிந்துள்ளன. பழைய மின்கம்பியைப் பிரித்தெடுத்த மெல்லிய செம்பு இழைகளை ஒவ்வொன்றாக வளையத்தில் கோத்துக் கட்டுவதற்கு, ஒரு சக்கரத்துக்கு ஐந்து மாலைகள் ஆகின்றன. கருஞ்சிவப்பு எனாமலின் முதல் பூச்சு காய்ந்துவிட்டது; தொட்டிகளின் உட்பக்கத்தில் தூரிகை எட்டாத ஓர் இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அதைச் சரிசெய்த பிறகு, மொனாக்கோவில் அஸ்காரியின் கார் தாங்கிய 26 என்ற எண்ணை வெள்ளையில் எழுதுவேன்.