1919ஆம் ஆண்டின் சாய்கோடு

மூன்று வாரங்களாக என்னை உறங்கவிடாத ஒரு சாய்கோடு நேற்றிரவு ஒருவழியாகத் திரையிலிருந்து மங்கியது. பைத்தானில் நான் எழுதிவரும் இறப்பு வீத முன்கணிப்பு நிரலில், லீ–கார்ட்டர் மாதிரியின் பாய்சான் வடிவத்தை இங்கிலாந்து–வேல்ஸ் ஆண்களின் தரவுக்குப் பொருத்தியிருந்தேன். ஒவ்வொரு வயதின் சராசரி நிலையை ஏ என்றும், ஆண்டுதோறும் மாறும் பொதுப் போக்கைக் கே என்றும், அப்போக்குக்கு ஒவ்வொரு வயதும் எவ்வளவு அசைகிறது என்பதைப் பீ என்றும் கொண்டு இறப்பு வீதத்தை விளக்கும் சூத்திரம் அது; பாய்சான் வடிவம் இறப்புகளை எண்ணிக்கைகளாகக் கையாளும். ஆண்டுகள் 1961 முதல் 2016 வரை, வயது 50 முதல் 89 வரை. காலப்போக்கைக் குறிக்கும் கே அளவுரு எதிர்பார்த்தபடியே இறங்கிச் சென்றது. ஆனால் எச்சங்களை, அதாவது உண்மையான இறப்புகளுக்கும் மாதிரி சொன்னதற்கும் உள்ள வேறுபாடுகளை, ஆண்டும் வயதும் அச்சுகளான ஹீட்மேப் நிறப்படமாக வரைந்தபோது, 1969இல் 50 வயதில் தொடங்கி, 1970இல் 51, 1971இல் 52 என்று படியேறி, 2008இல் 89 வயதில் முடியும் ஒற்றைக் கட்ட அகலக் கோடு ஒன்று, இருபக்கத்து நிறங்களோடும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அத்தனை கட்டங்களும் 1919இல் பிறந்தவர்களுடையவை.

முதலில் என் நிரலைத்தான் சந்தேகித்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. அளவுருக்களைப் படிப்படியாகத் திருத்தும் நியூட்டன் முறையில், சுற்று ஒவ்வொன்றின் முடிவிலும் கேயின் சராசரியைக் கழித்துப் பூச்சியமாக்கும்போது, கழித்த அளவைப் பீயால் பெருக்கி ஏவுடன் சேர்க்க வேண்டும். பீக்களின் கூட்டுத்தொகையை 1 ஆக்க எதனால் வகுக்கிறோமோ, அதனாலேயே கேயைப் பெருக்க வேண்டும். இவற்றில் முதலாவதை நான் மறந்திருந்த நாட்களில், குறைய வேண்டிய டீவியன்ஸ் (மாதிரி தரவிலிருந்து விலகும் அளவு) சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டிருந்தது. அதைத் திருத்திய பிறகும் கோடு அசையவில்லை. வயது நெடுவரிசையில் வரும் '110+' என்ற சொல்லும், விடுபட்ட மதிப்புக்காக இடப்படும் ஒற்றைப் புள்ளியும் எண்களைச் சரமாக்கி வரிசையை நகர்த்தியிருக்குமோ என்று கோப்பு வாசிக்கும் பகுதியையும் இருமுறை திருப்பி எழுதினேன். இப்படிப்பட்ட பிழை எதுவும் ஒரே ஒரு பிறப்பாண்டை மட்டும் பொறுக்கியெடுத்துத் தாக்காது என்பது எனக்கு உறைக்கப் பத்து நாள் பிடித்தது.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பொருத்திய அளவுருக்களையும் உண்மையான ஆள்–ஆண்டுகளையும் (ஒவ்வொரு வயதிலும் மக்கள் வாழ்ந்த மொத்த ஆண்டுகள்; இறப்புகளை இதனால் வகுத்தால் இறப்பு வீதம்) கொண்டு பாய்சான் முறையில் செயற்கை இறப்புகளை உருவாக்கி, அவற்றுக்கு மாதிரியை மீண்டும் பொருத்தினேன். படம் எங்கும் வெறும் இரைச்சல், கோடு இல்லை. ஆகவே குற்றம் நிரலில் இல்லை, தரவில் இருந்தது.

காரணம் முதல் உலகப் போர். 1918 நவம்பரில் போர் ஓய்ந்து வீரர்கள் வீடு திரும்பியதால், 1919இன் பிறப்புகள் ஆண்டின் கடைசி மாதங்களில் குவிந்தன. ஆனால் ஆள்–ஆண்டுகளைக் கணக்கிடும் பழைய முறை, பிறப்புகள் பன்னிரண்டு மாதங்களிலும் சமமாகப் பரவியிருப்பதாகவே கொண்டது. வகுக்கும் எண் பிசகினால் இறப்பு வீதமும் பிசகும். அந்தப் பிசகு அத்தலைமுறையினரை முதுமை வரை நிழலாகத் தொடரும். கெய்ர்ன்ஸ், பிளேக், டவுட், கெஸ்லர் ஆகியோர் 2016இலேயே இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நான் தரவு எடுத்த, பல நாடுகளின் இறப்பு விவரங்களைத் திரட்டும் மனித இறப்புத் தரவுத்தளமும் தன் ஆறாவது முறைமைப் பதிப்பில் மாதவாரிப் பிறப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நானோ பல ஆண்டுகளுக்கு முன் இறக்கி வைத்த பழைய கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். புதிய கோப்பை இட்டவுடன் கோடு மங்கிவிட்டது.

ஆனால் 1931ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் அகன்ற பட்டை அப்படியே இருக்கிறது. இது நிழலன்று, அந்தத் தலைமுறையின் இறப்பு வீதம் முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட உண்மையிலேயே வேகமாகக் குறைந்தது. வாழ்நாள் ஓய்வூதியத்துக்கு விலை வைப்பவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் பாடு: முன்னதை மாதிரிக்குள் விட்டால் தரவுப் பிழையை எதிர்காலத்துக்கும் நீட்டுவோம், பின்னதை விட்டுவிட்டால் மக்கள் வாழப்போகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவோம்.

இந்தியத் தரவுக்கும் இதைப் பொருத்தும் ஆசை உண்டு. ஆனால் மக்களில் ஒரு கூறை மட்டும் எடுத்துப் பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் ஆயுள் அட்டவணைகள் ஐந்தாண்டு வயதுத் தொகுதிகளாக வருகின்றன; ஒற்றை வயதுகளாகப் பிரிக்காமல் இந்தச் சாய்கோடுகளைப் பார்க்கவே இயலாது. அதற்கென்று தனியாக ஒரு ஸ்பிளைன் (மென்வளைவால் இடைமதிப்புகளைக் காணும் முறை) பகுதியைத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு, லீ–கார்ட்டருடன் பிறப்பாண்டின் விளைவையும் சேர்க்கும் ரென்ஷா–ஹாபர்மன் மாதிரியின் தலைமுறை உறுப்பைச் சேர்த்து ஓடவிட்டிருக்கிறேன். ஆர் மொழியில் இறப்பு வீத மாதிரிகளுக்கென உள்ள ஸ்டோமோமோ தொகுப்போடு லீ–கார்ட்டர் டீவியன்ஸ் ஒத்துப்போனதில் வந்த துணிச்சல் அது. தொடக்க மதிப்பைச் சற்று மாற்றினாலும் வேறொரு விடையில் போய் நிற்கிறது. இன்று காலை பார்த்தபோது ஆறாயிரமாவது சுற்றிலும் ஒருங்கவில்லை.