கரையை வெட்டிய இடத்தில் ஒரு நடை

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்றம், இறக்கம், படிக்கட்டு எதுவும் ஆகாது. மலையும் காடுமாகக் கிடக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் அவரை எங்கே நடக்க வைப்பது? அப்படித்தான் ஒரு நவம்பர் காலையில் நிஸ்குவாலிக்குப் போனோம்.

ஒலிம்பியாவுக்கும் டக்கோமாவுக்கும் நடுவே, ஐ-5 நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதுமே இந்த வனவிலங்குப் புகலிடம் வந்துவிடுகிறது. கட்டணம் 3 டாலர். நாய் கூடாது, சைக்கிள் கூடாது, ஓடவும் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். கடைசி விதியைத் தமிழில் சொன்னேன். "என்னை மனசுல வெச்சே எழுதியிருக்காங்கடா" என்றார் அம்மா.

முதலில் வருவது ஒரு மைல் சுற்றுப் பாதை. சக்கர நாற்காலியே போகலாம், அத்தனை சமதளம். மரங்களுக்கு நடுவே பலகைமேல் நடந்தால் இரண்டு பெரிய பழைய களஞ்சியங்கள் தெரிகின்றன. 1904-ல் ஆல்சன் பிரவுன் என்பவர் கழிமுகத்தைச் சுற்றிக் கரை எழுப்பி, கடலை வெளியே நிறுத்தி, உள்ளே பண்ணை நடத்தினார். பண்ணை போய்விட்டது. களஞ்சியங்கள் மட்டும் நிற்கின்றன.

கரை நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. 2009-ல் அதன் பெரும்பகுதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். 762 ஏக்கரில் மறுபடி உப்புத் தண்ணீர் ஏறியது.

இதைச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டார். ஏரிக்கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடும் பழக்கத்தில் வந்தவர் அவர். "கரையை வெட்டிட்டு அதுக்குப் பெருமை வேறயா?"

பதிலை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். களஞ்சியங்களைத் தாண்டினால் இன்னொரு பலகைப் பாதை சதுப்புக்கு மேல் கடலை நோக்கி ஒரு மைல் போகிறது. ரெய்னியர் மலையின் பனியாற்றில் பிறக்கும் நிஸ்குவாலி ஆறு கடலைச் சேரும் இடம் இது. கடலுக்குக் கிளம்பும் சால்மன் குஞ்சுகள் உப்புத் தண்ணீருக்குப் பழகுவதும், தின்று கொழுப்பதும் இந்த மாதிரிக் கால்வாய்களில்தான். கரை இருந்தவரை இங்கே அவற்றுக்கு வழியில்லை.

நாங்கள் போனபோது கால்வாய்கள் பாதி சேறு. நீல நாரை ஒன்று சேற்றில் ஒற்றைக் காலில் நின்றது. வாத்துக் கூட்டங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்க எனக்குத் தெரியாது; சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. தூரத்துப் பட்டமரத்தில் வெண்தலைக் கழுகு. திடீரென்று எங்கோ துப்பாக்கி வெடித்தது, இரண்டு தடவை. வாத்து வேட்டைப் பருவம். அதனாலேயே பலகைப் பாதையின் கடைசிப் பகுதியை இந்த மாதங்களில் மூடிவிடுகிறார்கள். புகலிடத்தின் பக்கத்திலேயே வேட்டை என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

புகலிடத்துக்கு பில்லி ஃபிராங்க் ஜூனியர் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நிஸ்குவாலி பூர்வகுடி மனிதர். 1945-ல், 14 வயதில், இந்த ஆற்றில் மீன் பிடித்ததற்காகக் கைதானார். அப்புறம் 50 தடவைக்கு மேல். இத்தனைக்கும் 1854-ல் இந்தப் பக்கத்திலேயே கையெழுத்தான மெடிசின் கிரீக் ஒப்பந்தம், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர் மக்களுக்கே விட்டிருந்தது. 1974-ல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு என்று தீர்ப்பளித்தார். புகலிடம் அமைந்ததும் அதே வருஷம். பில்லி 2014-ல் இறந்தார், பெயர் வைத்தது 2015-ல்.

"அம்பது தடவையா?" என்று மட்டும் கேட்டார் அம்மா.

பாதி தூரத்திலேயே திரும்பினோம், முழங்கால் அதற்குமேல் சம்மதிக்கவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் ஏறும் நேரமாகப் போங்கள். இங்கே கடல்மட்டம் ஒரே நாளில் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். நாங்கள் பார்க்காமல் போயும் அதிர்ஷ்டவசமாக அமைந்தது. வரும்போது சேறாகக் கிடந்த கால்வாயில் இப்போது தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. நுரையும் இலைகளும் ஆறு வரும் திசைக்கே எதிர்த்து மிதந்தன. நாரை ஓரமாக ஒதுங்கி, வருகிற தண்ணீரையே பார்த்து நின்றது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "அது பிடிக்கிறதைப் பார்த்துட்டுப் போலாம்" என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.