பிளாங்கில் வந்த நீல நார்

இந்த வருடம் எங்கள் முதுகலைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மைக்ரோபிளாஸ்டிக் ப்ராஜெக்ட், அதாவது தண்ணீரில் கலந்திருக்கும் பொடிப்பொடியான பிளாஸ்டிக் துண்டுகளையும் நார்களையும் எண்ணுவது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம். எவர்சில்வர் வாளியில் மொண்டு, 300 மைக்ரான் எவர்சில்வர் சல்லடையில் ஊற்றி, தங்கியதைக் கண்ணாடி பாட்டிலில் கழுவி இறக்கினோம். நைலான் வலை லேசாகக் கிடைக்கும். ஆனால் அதுவே பிளாஸ்டிக், அதுவே நார் உதிர்க்கும்.

முதலில் பாசி, இலைத்தூள் எல்லாம் போகவேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா (NOAA) 2015ல் வெளியிட்ட செய்முறைதான் எங்களுக்கும்: 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மில்லி, இரும்பு சல்ஃபேட் கரைசல் 20 மில்லி, 75 டிகிரி சூடு. அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி சட்டென்று பொங்கும். முதல் சாம்பிள் அப்படித்தான் வழிந்து வீணானது. இப்போது பெரிய பீக்கர், பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தட்டு.

அடுத்து உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம் கரைந்தால் அடர்த்தி 1.2க்கு வரும். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் போன்ற லேசான பிளாஸ்டிக் மிதந்துவிடும். தண்ணீர் பாட்டிலின் மூடியையும் உடம்பையும் பொடியாக வெட்டிப் போட்டுக் காட்டினேன். மூடித் துண்டு மேலே நின்றது, உடம்புத் துண்டு அடியில் படுத்தது. அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக், அடர்த்தி 1.38. கெட்டியான கால்சியம் குளோரைடு கரைசலுக்கு மாற்றியதும் மெதுவாக எழும்பியது. ஜிங்க் குளோரைடு இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், அரிக்கும், சாக்கடையில் கொட்டவும் முடியாது. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அடியில் திருகு வைத்த செப்பரேட்டிங் ஃபனல் பற்றாததால் கண்ணாடி ஃபனலின் காலில் சிலிக்கான் ட்யூப் மாட்டி, க்ளிப் போட்டு, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டோம். காலையில் வண்டலை அடிவழியே இறக்கிவிட்டு, மேலே மிதந்ததை ஃபில்டர் பேப்பரில் வடித்தோம்.

முதல் எண்ணிக்கையில் 14 நார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். “பிளாங்க் எங்கே?” என்று கேட்டேன். சாம்பிள் இல்லாமல் வெறும் வடிநீரை இதே வழியெல்லாம் ஓட்டி, நம் பக்கத்திலிருந்தே எத்தனை நார் சேர்கிறது என்று பார்க்கிறதுதான் பிளாங்க். அன்றைக்கே ஓட்டினோம்: 11 நார், பாதிக்குமேல் நீலம்.

ஒருத்தி தன் துப்பட்டாவைக் குனிந்து பார்த்தாள். “மிஸ், இதுவா இருக்குமோ?” மைக்ரோஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், அதே நீலம். நாரைத் தொட ஊசியைச் சூடாக்கிக் கொண்டுபோனேன். நுனி சுருண்டு உருகி ஊசியில் ஒட்டியது. பருத்தியாக இருந்தால் கருகியிருக்கும்.

மீதி நார் எங்கிருந்து? உப்பிலிருந்தும் வரலாம். தூத்துக்குடி உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதாக 2020ல் ஆய்வுக்கட்டுரை வந்திருக்கிறது. நம்மூர் உப்பைக் கரைத்து வடிகட்டாமலே ஊற்றியது என் தவறு, பிள்ளைகள் தவறில்லை.

இப்போது உப்புக்கரைசலை இரண்டு தடவை வடிகட்டுகிறோம். பருத்திக் கோட்டு, மின்விசிறி அணைப்பு, பீக்கருக்கு அலுமினியத் தாள் மூடி. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. நேற்று ஓட்டிய பிளாங்கில் இரண்டு நார். சாம்பிள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.