2:10 மேடு

ஜூலை 29, 2024, திங்கள்

கம்பெனி சர்வரின் கிராஃபில் அந்த மேடு இன்றும் இருக்கிறது. இரவு 2:10.

ஜூலை 30, செவ்வாய்

வயிற்றில் பிள்ளை, இடது பக்கமாகவே படுக்கச் சொல்லிவிட்டார்கள். போனைக் கூடவே சாய்த்தால் திரை தானாகத் திரும்பிக்கொள்கிறது, வரிகள் மடங்கி கிராஃப் கந்தலாகிவிடுகிறது. திரைச் சுழற்சியை அணைத்துவைத்தேன். இப்போது சரி.

கம்பெனியில் இப்போது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, பிரவுசரில் கிராஃப் காட்டும் கிராஃபானாவின் லிங்க் அனுப்பியிருந்தான். “கலர் கலரா இருக்குக்கா, பாருங்க.” கலர் இருக்கும். இந்த ஊரில் டவர் ஒரு புள்ளிதான் காட்டுகிறது, அதுவும் ஆடிக் காற்று அடித்தால் போய்விடும். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, மூடிவிட்டேன். எனக்கு, கட்டளை எழுதினால் கிராஃப் வரையும் க்னூபிளாட் போதும். அதில் டம்ப் டெர்மினல் என்று ஒன்று உண்டு. படமே கிடையாது, வெறும் எழுத்துகளால் கோடு போடும். முதல் கோட்டுக்கு நட்சத்திரக் குறி, இரண்டாவதற்கு ஹேஷ் குறி. நாமாக அளவு சொல்லாவிட்டால் 79 எழுத்து அகலம், 24 வரி. பெருக்கிப் பார்த்தால் 1,896 எழுத்து, 2 கேபிகூட வராது. டவர் ஒரு மூச்சு விட்டால் வந்து சேர்ந்துவிடும். போனுக்கு 50 எழுத்தாகக் குறைத்துக்கொண்டேன்.

1986இல் தொடங்கிய மென்பொருள். நான் அப்போது பிறக்கவே இல்லை.

ஜூலை 31, புதன்

பிரச்சினை இரவு 8:40க்கு என்று தம்பி சாதிக்கிறான். ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் பண்டில் எண்ட்ரி போடும் நேரமாம், அவர்கள்தான் காரணமாம், முதலாளியிடமும் சொல்லிவிட்டானாம். அந்த ஆட்கள் பாவம். சர்வரின் எண்களைக் குறித்துவைக்கும் கருவி சார் (sar), அதிலிருந்து எடுத்துத் தருவது சாட்எஃப்; சும்மா கேட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் கொடுக்கும், 5:30 கூட்டிக்கொள் என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. அப்புறம் “2:10 வருதுக்கா.” ஆமாம். பெரிய டி போட்டுக் கேட்டால் நம் நேரத்திலேயே வரும், அதையும் சொல்லிக்கொடுத்தேன்.

பிபி காலை 126/82. மாலை 132/84.

ஆகஸ்ட் 1, வியாழன்

பிபி எண்களையும் ஒரு ஃபைலில் போட்டுவைக்கிறேன். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண். கட்டளையின் கடைசியில் காற்புள்ளி வைத்து 140 என்று எழுதினால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தருகிறது. அதற்குக் கீழே இருக்கும்வரை வீட்டிலேயே இருக்கலாம்.

அவருக்கு அதை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன், குரலே சரியில்லை. “ஏன் இப்படி மேலேயும் கீழேயும் போகுது?” 140 கோடு போடாத பழைய படம் அவரிடம் போயிருந்தது. அளவு சொல்லாவிட்டால் இருக்கும் எண்களையே திரை முழுக்க இழுத்து வரைந்துவிடும் இந்த க்னூபிளாட். 126க்கும் 132க்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் நிற்கும். 60 முதல் 180 வரை என்று அளவு கட்டி அனுப்பினேன். “இப்ப பரவால்ல” என்றார். அதே எண்கள்தான்.

இந்தத் தம்பியும் இப்படித்தான். சிபியு 3 சதவிகிதம் ஆடியதை எவரெஸ்ட் மாதிரி அனுப்புவான். முதலில் இடது ஓரத்து எண்ணைப் பார் என்று எத்தனை முறை சொல்வது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காற்று. டவர் இல்லை. மாலை 136/86.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா சித்ரான்னம் செய்தார். புளிசாதம் எனக்குக் கிடையாது, உப்பு அதிகமாம். தயிர்சாதம் மட்டும்.

நேற்று இரவு கம்பெனியிலும் கரண்ட் போய், யுபிஎஸ் தாங்காமல் சர்வர் விழுந்து எழுந்திருக்கிறது. கிராஃபில் அது தெரியவே இல்லை! 1:30 புள்ளியிலிருந்து 3 மணிப் புள்ளிக்கு நேராக ஒரு கோடு. அந்த ஒன்றரை மணி நேரம் எந்திரமே ஓடவில்லை, கோடு பாட்டுக்கு ஓடுகிறது. டேட்டாவில் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி வரும், அந்த இடத்தில் வெற்று வரி வைத்தால்தான் க்னூபிளாட் கோட்டை அறுக்கும். அதற்கு ஆக் (awk) என்ற, வரிகளை மாற்றித் தரும் கருவியில் ஒரு வரி எழுதிவைத்தேன். இல்லாத நேரம் இல்லாததாகவே தெரியட்டும்.

சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. மதியம் ஒரு மணிக்குமேல் லோடு ஏறியது, ஐந்துக்கு இறங்கியது. இந்த மேடு எனக்குத் தெரியும், ஏன் வருகிறது என்றும் தெரியும். அதனால் பயமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தூக்கம் இல்லை. மூன்று மணிக்குப் பார்த்தால் வழக்கமான மேட்டுக்குப் பதில் பெரிய பீடபூமி, ஒரு மணிக்கே தொடங்கியிருக்கிறது. ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: மாதத்தின் முதல் ஞாயிறு. சர்வரில் ஓடும் டெபியன் லினக்ஸில், ரெய்டு வட்டுகளை, அதாவது ஒரே டேட்டாவை வைத்திருக்கும் இரட்டை வட்டுகளை, சரிபார்க்கும் வேலை முதல் ஞாயிறு 00:57க்கு ஓடும். இரண்டு வட்டையும் முழுக்கப் படித்து ஒப்பிடும்.

சரி என்று திரும்பிப் படுத்தேன். படுத்தபின் ஒரு சந்தேகம். போன மாதம் இது எப்போது முடிந்தது? டேட்டாவை ஏழு நாள் மட்டும் வைத்திருப்பதை அன்றே 60 ஆக்கியிருந்தேன், ஜூலை 7 ஃபைல் இருந்தது. அன்று விடிகாலை ஆறுக்குள் முடிந்திருக்கிறது. இன்று பத்து தாண்டியும் ஓடுகிறது. அதே வட்டுகள், அதே அளவு.

“சார் இன்னும் பதில் தரமாட்டேங்குதே” என்று முனகியிருக்கிறேன். “எந்தச் சாரா இருந்தாலும் அப்புறம் பேசட்டும், நீ சாப்பிடு கண்ணு” என்றார் அம்மா.

ஆகஸ்ட் 5, திங்கள்

134/86. 138/88.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செக்கப். பதினொரு மணிக்குப் பார்த்தார்கள், 128/82. “நல்லா இருக்கே” என்று எழுதிக்கொண்டார் டாக்டர். மாலை எண்களைக் காட்டினேன். தாளைப் பார்த்தார், “சராசரி பார்த்தா ஓகேதான்” என்றார். வெளியே வந்தபின்தான் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, சராசரி என்ற வார்த்தைமேல்.

சார் கடைசி வரியில் அன்றைய சராசரியைப் போடும். ஐஓ வெயிட், அதாவது வட்டுக்காகக் காத்திருந்த நேரம், 2 சதவிகிதம். முதலாளி அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார். 24 மணி நேரத்தில் 20 நிமிடம் எந்திரம் மூச்சுத் திணறினால் அந்த வரியில் என்ன தெரியும்? தம்பி இன்று அனுப்பியது அதைவிட மோசம். கோடு கரடுமுரடாக இருக்கிறது என்று பெசியர் வளைவு போட்டு வழவழப்பாக்கியிருக்கிறான். அழகு. 2:10 மேடு பாதியாகக் கரைந்து, அகலமாகி, ஏதோ இதமான ஏற்றம் மாதிரி நிற்கிறது. வெறும் புள்ளியும் கோடுமாகப் போடு, எட்டிப்பார்க்கும் ஒரு புள்ளிதான் நமக்கு வேண்டும், அதை ஏன் சீவுகிறாய் என்று கொஞ்சம் கத்திவிட்டேன். “அக்கா டென்ஷன் ஆகாதீங்க” என்கிறான். ஆக மாட்டேன்.

மாலை வேண்டுமென்றே பார்க்கவில்லை. ஒன்பது மணிக்குப் பார்த்தேன். 138/90.

சாரே பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எண்ணை எழுதுகிறது. 2:10 என்று நான் பார்ப்பது 2:00 முதல் 2:10 வரையிலான சராசரிதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளே என்ன நடக்கிறது?

ஆகஸ்ட் 7, புதன்

சாரின் டைமரை ஒரு நிமிடமாக மாற்றினேன். நாளைக்குத் தெரியும்.

குழந்தை இன்று நிறைய உதைத்தது. நர்ஸ் கொடுத்த தாளில் கட்டமே போதவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

2:00க்குத் தொடங்குகிறது, பேக்கப்பேதான். ஆனால் பேக்கப் இரண்டு வருடமாக அதே நேரத்தில்தான் ஓடுகிறது, அப்போதெல்லாம் மேடு இல்லை. 2:03க்கு லோடு 9. சிபியு முக்கால்வாசி சும்மா இருக்கிறது. தம்பிக்கு இது புரியவில்லை. லினக்ஸில் லோடு என்பது சிபியுவுக்குக் காத்திருப்பவர்கள் மட்டும் இல்லை, வட்டுக்குக் காத்து அசையாமல் கிடப்பவர்களையும் சேர்த்துத்தான், 1993 முதலே அப்படித்தான். ரேஷன் கடையில் கூட்டம் பெரிது என்றால் வாங்குபவர்கள் அதிகம் என்றே இருக்கவேண்டியதில்லை, எடைபோடுகிறவர் மெதுவாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எடைபோடுகிறவர் யார்? வட்டு விவரத்தைத் தனியாக எடுத்தேன். நெடுவரிசை எண், சார் அடங்கிய சிஸ்ஸ்டாட் தொகுப்பின் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், தலைப்பு வரியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அவெயிட் எண்ணை, அதாவது வட்டு ஒரு வேலையை முடிக்க எடுக்கும் நேரத்தை, முதல் வட்டு எஸ்டிஏவுக்கு நட்சத்திரம், இரண்டாவது எஸ்டிபிக்கு ஹேஷ் என்று ஒரே கிராஃபில் போட்டேன். நட்சத்திரங்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தன. ஹேஷ் மட்டும் மேலே. அளவை லாக்காக (மடக்கை அளவாக) மாற்றினபின்தான் இரண்டும் ஒரு திரையில் தெரிந்தன: இது 7 மில்லிசெகண்ட், அது 310.

இரட்டை வட்டு. எழுதுவது அத்தனையும் இரண்டிலும் எழுதப்படும். ஒன்று முடித்துவிட்டு இன்னொன்றுக்காக நிற்கிறது. ஒவ்வொரு இரவும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல்லை எஸ்டிபி பற்றிக் கேட்டேன். மேலே பெரிதாக PASSED, அதாவது வட்டு தேறிவிட்டதாம். கீழே 197ஆம் வரி, படிக்க முடியாமல் காத்துக்கிடக்கும் செக்டார்கள்: 48. பூஜ்யமாக இருக்க வேண்டிய எண். தேறியது என்ற வரியை மட்டும் முதலாளி படித்துவிடக் கூடாது என்று அதை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, சனி

“ஷிப்மெண்ட் போகட்டும்மா, பாத்துக்கலாம்” என்றார் முதலாளி.

197: 64.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

140/88. கோட்டைத் தொட்டது. உட்கார்ந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், 136. எது எண்? இரண்டையும் எழுதினேன்.

காலில் வீக்கம். அம்மா எதுவும் சொல்லாமல் தலையணையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எல்லா இரவின் எஸ்டிபி கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன், ஜூலை நடுவிலிருந்து. 50 எழுத்து அகலத்தில் வெறும் குப்பை. இரவுக்கு ஒரு எண், அன்றைய உச்சம் மட்டும், என்று எடுத்துப் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது: வாராவாரம் ஏறுகிறது. அந்த ஒரு கிராஃபைத் தம்பி முதலாளியிடம் போனிலேயே நீட்டிக் காட்டியிருக்கிறான். “இது என்ன, குறியீடா இருக்கு?” என்றாராம். அப்புறம், “வியாழன் லீவுதானே, மாத்திருங்க.”

ஆகஸ்ட் 13, செவ்வாய்

138/90. 142/90. டாக்டரிடம் போனில் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார், தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் உடனே.

தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

வட்டு கம்பெனிக்கு வந்துவிட்டது. சீரியல் எண்ணைப் படமெடுத்து அனுப்பு, கழற்றும்போதும் எஸ்டிபியின் சீரியல் எண்ணைப் பார்த்துக் கழற்று என்று தம்பிக்கு மூன்று விதமாக எழுதிவிட்டேன். நல்ல வட்டைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

10:20. பிடுங்கியாயிற்று. சீரியல் சரி.

10:55. புதியது ஏறிவிட்டது. ரெய்டு மறுபடி கட்டத் தொடங்கிவிட்டது. இப்போது இருப்பது எஸ்டிஏ ஒன்றுதான். அதற்கு ஏதாவது ஆனால் அவ்வளவுதான்.

1:15. 38 சதவிகிதம். விநாடிக்கு 90 எம்பி சொச்சம். தம்பி வேகத்தை ஏற்றலாமா என்கிறான். வேண்டாம், எஸ்டிஏ அவெயிட்டைப் பார்த்துக்கொண்டே இரு என்றேன்.

2:40. 146/94. மறுபடி 148/94. கண்ணில் லேசாக மின்னுகிறது, வெயிலாக இருக்கலாம். அம்மா போனைப் பிடுங்கப் பார்க்கிறார்.

2:55. கார் சொல்லியாயிற்று, அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறார். தம்பிக்கு: இன்று இரவு 2 மணி பேக்கப்பை நிறுத்திவை, கட்டி முடியும்வரை எதையும் ரீபூட் செய்யாதே, 2:10 கிராஃபை எடுத்து டம்ப்பிலேயே அனுப்பு, படமாக வேண்டாம், அங்கே டவர் எப்படியோ