ஃபேடரின் மேல் வைத்த விரல்

நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். பெரும்பாலும் புதனும் சனியும் மதியம் ஒன்று, இரவு ஒன்று. அமெரிக்காவில் ஒரு சிறிய நகர அரங்கில் இசை நாடகங்களுக்கு ஒலி இயக்கியபோது எங்களுக்கும் அதே கணக்குதான். அது ஒரு தொண்டையை என்ன செய்யும் என்பது, ஓபராவிலிருந்து ஒரு பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண்குரல், பாடகர் எங்களிடம் வந்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஓபராவில் பெரிய வேடம் பாடியவருக்கு நடுவில் ஓய்வு நாட்கள் உண்டு, மைக் கிடையாது. வாத்தியக் குழுவைக் கடந்து கடைசி வரிசைவரை குரல் தானே போய்ச் சேர வேண்டும். அதற்காக 3000 ஹெர்ட்ஸ் அருகே குரலுக்கு ஒரு கூர்மையை ஆண்டுக்கணக்கில் பழகி ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்டவரின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், குட்டி மைக்கை ஒட்டினேன். முதல் ஒத்திகையில் அவர் உச்சத்துக்குப் போனதும் என் ஒலி மேசையில், அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சட்டென்று அவருடைய ஃபேடரை, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, இறக்கினேன்.

"என் குரலை எங்கே கொண்டுபோனீர்கள்?" என்று பிறகு கேட்டார். கோபமில்லை, வருத்தம்.

மறுநாள் மைக்கை அணைத்துவிட்டு அவரைப் பாடச் சொல்லி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மரநாற்காலி அதிர்ந்தது. எதைக் கீழே இறக்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் வசனமும் மெல்லிய வரிகளும் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டுமே மைக்கைத் திறந்தேன். உச்சங்களை அவரிடமே விட்டுவிட்டேன்.

ராபர்ட் வீட் என்ற பாடகரைப் பற்றி அவர்தான் சொன்னார். 1937இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அறிமுகமான பாரிட்டோன். 1956இல், ஐம்பது வயதைக் கடந்தபின், இம்பீரியல் அரங்கில் ஃபிராங்க் லெஸ்ஸரின் 'தி மோஸ்ட் ஹாப்பி ஃபெல்லா'வில் நாபா பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயியாக வந்தார். ஏறக்குறைய முழுவதும் பாட்டாகவே நகரும் நாடகம். உடலில் ஒட்டும் மைக் இல்லாத காலம். மதியக் காட்சிகளை வேறொருவர் பாடினார். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் 1961இல் 'மில்க் அண்ட் ஹனி'க்கு அவரிடம் குரல் மிஞ்சியிருக்குமா என்று எங்கள் பாடகர் கேட்டார்.

அவரும் மதியக் காட்சிகளுக்கு மாற்று கேட்டார். நிர்வாகம் மறுத்தது. அது தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை இரவு, கடைசிப் பாட்டு. உச்சம் வரும் இடத்தில் குரல் கரகரத்தது. முதல் முறையாக அவருடைய ஃபேடரை மேலே தள்ளினேன்.