சாம்பல் விமானத்துக்கு நிழல்

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த துப்பலேவ் து-142 என்ற கடல் கண்காணிப்பு விமானத்தின் 1/144 அளவு (அசலில் 144-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாதிரிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். உடல் முழுக்க வெளிர் சாம்பல். ஒரே நிறத்தை அப்படியே அடித்தால் பிளாஸ்டிக் பொம்மையாகத்தான் நிற்கும். அந்தப் பெரிய பறவைக்கு அது நியாயமே இல்லை.

தகடுகளின் இணைப்புக் கோடுகள் மீது மட்டும் கறுப்பு அடித்து, அதன்மேல் சாம்பலை மெலிதாகப் பூசுவது பலருடைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் தெரிந்து, இறக்கை குடியாத்தம் லுங்கிபோல் கட்டம் கட்டமாகிவிடுகிறது.

என் வழி வேறு. முதலில் முழுவதும் கறுப்பு. பிறகு ஏர்பிரஷின் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் பேனா போன்ற கருவி) அழுத்தத்தைச் சுமார் 15 பிஎஸ்ஐக்குக் (காற்றழுத்த அளவு) குறைத்து, நன்றாக நீர்த்த சாம்பலை ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் கோணல்மாணலாகக் கிறுக்க வேண்டும். ஒன்றில் அடர்த்தியாக, பக்கத்தில் இருப்பதில் அரைகுறையாக. கறுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கட்டும், பயப்படாதீர்கள். கடைசியாக ஒரு மெல்லிய பூச்சு எல்லாவற்றையும் இணைத்துவிடும். வெயில் விழும் மேற்பரப்புக்குச் சாம்பலில் கொஞ்சம் வெள்ளை. என்ஜின்களுக்குப் பின்னால் புகைக்கறை.

நம் வேலூர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் திரவம் ஓரிரு சொட்டு கலந்து, விடியற்காலையிலேயே அடித்து முடியுங்கள். முனையைத் துடைக்க, தின்னரில் நனைத்த பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.